அக்காவுக்கு மாத்திரை, தம்பிக்கு ஊசி

சோழபுரம்
18 ஜனவரி 2024

அன்பு சண்முகத்தாய் அக்காவுக்கு,

சோழபுரம் ஜெயபாண்டி எழுதுகிறேன். மதுரை ஆஸ்பத்திரியில், ரத்தப் புற்றுநோய்ப் பிரிவுக்கு வெளியே உங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு, முதுகு வலிக்கிறது என்று எழுந்து எழுந்து நடந்தேனே, அந்த ஏட்டுதான். விலாசம் எதற்கு என்று கேட்டீர்கள். இதற்குத்தான் வாங்கினேன்.

போனில் பேசலாம். ஆனால் போனை எடுத்தால் என் வீட்டுக்காரி பானுப்பிரியா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். நான் வலி என்று சொன்னால் அவள் அழுகிறாள். அவள் அழுதால் மகள் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறாள். எழுதினால் யார் காதிலும் விழாது. ஸ்டேஷனில் வருடக்கணக்காக எழுத்து வேலை பார்த்தவன் என்பதால் கை ஓடுகிறது.

நமக்கு வந்த நோய் ஒன்று. எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்தில் வந்து, ஒரு தடவை அடங்கி, இருவருக்கும் திரும்பி வந்திருக்கிறது. புது மாத்திரையையும் பழைய ஊசியையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ட்ரையல் இருக்கிறது, சேர்கிறீர்களா என்று டாக்டர் கேட்டபோது இருவரும் ஒரே நாளில்தான் கையெழுத்துப் போட்டோம். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் பிரிக்கும், எங்கள் கையில் இல்லை என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்னபோது சரியென்று தலையாட்டினேன். நர்ஸ் வெளியே வந்து உங்களுக்கு மாத்திரை, எனக்கு ஊசி என்று சொன்ன பிறகுதான், நான் எதற்குத் தலையாட்டினேன் என்பது உறைத்தது.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். அந்த நேரத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது? மழுப்பாமல் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
ஜெயபாண்டி


சுந்தரபாண்டியம்
29 ஜனவரி 2024

தம்பி ஜெயபாண்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும், என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் மகள் சத்யப்பிரியாவும் சுகம். உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

இந்த வீட்டுக்குக் கடிதம் வந்து எத்தனையோ காலமாயிற்று. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்த நாளில் மாதம் தவறாமல் எழுதுவேன். அவர் போன பிறகு எழுத ஆள் இல்லை. பேனா பிடிக்கவே முதலில் கூச்சமாக இருந்தது.

மழுப்பாமல் எழுதச் சொன்னாய். உனக்கு ஊசி என்று கேட்டதும் உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பாவம், சின்ன வயசு என்று நினைத்தேன். ஆனால் அதற்கு முந்தி, எனக்கு மாத்திரை என்றதும் ஒரு மூச்சு விட்டேனே, பக்கத்தில் இருந்த உனக்கு அது கேட்டிருக்கும். சந்தோஷம்தான், தம்பி. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பழைய ஊசியை மட்டமாக நினைக்காதே. அதனால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் என்று டாக்டரே சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு. பானுவைத் திட்டாதே. உன்னிடம் ஒரு குறை உண்டு, வராந்தாவில் எல்லாரிடமும் சுள்ளென்று விழுகிறாய். ஸ்டேஷன் பழக்கம்போல. நர்ஸ் பிள்ளைகளிடம் அது வேண்டாம்.

உன் அக்கா,
சண்முகத்தாய்


சோழபுரம்
14 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். அந்த மூச்சு எனக்குக் கேட்கத்தான் செய்தது.

என் நிலைமையைச் சொல்கிறேன். ஊசி போட்டு வந்தால் விரல் நுனியெல்லாம் மரத்துப் போகிறது. சட்டைப் பொத்தானைப் பானுதான் மாட்டிவிடுகிறாள். யூனிஃபார்ம் போட்டு நிற்க முடியாது என்று ஸ்டேஷனில் உட்காருகிற வேலையாகக் கொடுத்திருக்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ரத்தத்தில் இருக்கிற கெட்ட புரதம் எனக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உங்களுக்குப் பாதிக்கும் கீழே வந்துவிட்டது என்று போன தடவை வராந்தாவில் நீங்களே சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் முகம் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் முகம் மாதிரி இருந்தது. குற்றமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

என்னையும் மாத்திரைக்கு மாற்றிவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நடுவுல மாத்துனா எது நல்ல மருந்துன்னு யாருக்குமே தெரியாமப் போயிரும் ஜெயபாண்டி. நோய் ஏறாம நிக்கிதுல்லா, ஊசி மெதுவாத்தான் கேக்கும். பொறுங்க" என்றார்.

தெரிந்துகொள்ள வேண்டியது அவர். பொறுக்க வேண்டியது நான். நல்ல ஏற்பாடு.

ஜெயபாண்டி


சுந்தரபாண்டியம்
20 ஏப்ரல் 2024

தம்பி ஜெயபாண்டிக்கு,

உனக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்று புரியாமல் இதை எழுதுகிறேன். வியாழக்கிழமை பானுப்பிரியா இங்கே வந்திருந்தாள்.

வெயிலில் கிருஷ்ணன்கோவிலில் பஸ் இறங்கி, ஆட்டோவுக்குக்கூட நிற்காமல் விசாரித்து விசாரித்து நடந்தே வந்திருக்கிறாள். மோர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். சத்யப்பிரியா அடுப்படிக்குப் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"மதினி, உங்க மாத்திரைல பாதியைக் குடுங்க. நீங்க ஒரு நாளு, அவிய ஒரு நாளு போட்டுக்கிடட்டும். யாருக்கும் தெரியாது" என்றாள்.

காலி அட்டையைக்கூட ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும், பாதி மருந்து இருவருக்கும் உதவாது என்றும், அவன் உடம்புக்கு அது ஆகுமா என்று யாருக்குத் தெரியும் என்றும் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் நியாயமான பேச்சு. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அதெல்லாம் டாக்டர் சொல்லுதது. நீங்க என்ன சொல்லுதீய?" என்றாள்.

"நான் குடுக்க மாட்டேன் தாயி" என்றேன்.

அவள் என் காலைப் பிடித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள். சத்யப்பிரியா பின்னாலேயே ஓடி பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

இது உனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் அவளை ஒன்றும் கேட்காதே. உன் மேல் உள்ள உயிரால் செய்தாள்.

அக்கா,
சண்முகத்தாய்


சோழபுரம்
27 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

எனக்குத் தெரியும். நான்தான் அனுப்பினேன். நானே வந்து கேட்டு, நீங்கள் இல்லையென்று சொல்வதைக் கேட்கத் தைரியம் இல்லை.

உங்கள் பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். மகளைக் கட்டிக்கொடுத்துப் பேரன் பேத்தி பார்த்துவிட்டீர்கள். என் மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். நான் போனால் அவளுக்கு இருக்கிறது ஒரு அழுகிற அம்மா மட்டும்தான். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியாது, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்குத் தெரியும். வாழ்ந்து முடித்த ஒருத்தர், வாழ வேண்டிய ஒருத்தனுக்குப் பாதி மாத்திரை தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

தம்பி என்று கூப்பிடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லைதானே. இனிமேல் அப்படிக் கூப்பிட வேண்டாம்.

ஜெயபாண்டி


சுந்தரபாண்டியம்
9 மே 2024

ஜெயபாண்டிக்கு,

பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். மனசு ஆறவில்லை.

வாழ்ந்து முடித்தவள் என்று எழுதியிருக்கிறாய். எப்போது வாழ்ந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். அவர் லீவில் வந்த நாள்தான் எனக்குக் குடும்பம். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்தார், தென்னங்கன்று வைத்தார், அது பாளை விடுவதற்குள் போய்விட்டார். பிறகு மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அது முடிந்து இந்த நோய் வந்தது.

இந்த இரண்டு மாதமாகத்தான் முதுகெலும்பு வலிக்காமல் விழிக்கிறேன். எழுந்து எனக்கு மட்டும் ஒரு காபி போட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்று குடிக்கிறேன். நேற்று யார் கையையும் பிடிக்காமல் வயல் வரைக்கும் நடந்து போய் வந்தேன். வழியில் பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள். யாருக்காகவும் இல்லாமல் எனக்கே எனக்கென்று வந்திருக்கிற நாள் இதுதான். ஐம்பத்தெட்டு வயசு என்றால் இது போதும் என்று நீ எப்படிச் சொல்வாய்?

எனக்கு இன்னும் வேண்டும். உன் மகளை நினைத்தாலும் வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

உன் உடம்பு தேற வேண்டும் என்று மடவார் வளாகம் கோயிலில் வேண்டிக்கொண்டேன். நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

சண்முகத்தாய்


சோழபுரம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இப்போது எழுதாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை.

ஜூனில் இருந்து ஊசி எனக்குக் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சோதனையிலும் புரதம் இறங்கிக்கொண்டே வந்தது. விரல் மரப்பு மட்டும் இருக்கிறது. போன மாதத்திலிருந்து யூனிஃபார்ம் போட்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். ட்ரையலை நிறுத்திவிட்டார்களாம். மாத்திரை சாப்பிட்டவர்களில் நிறையப் பேருக்கு நெஞ்சு பலவீனமாகிவிட்டது, சில பேர் இறந்தும் போனார்கள், கணக்கைக் கண்காணிக்கிற குழு உடனே நிறுத்தச் சொல்லிவிட்டது என்றார். நான் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டேன். மற்றவர்களைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று தலையை அசைத்துவிட்டார். வெளியே வந்தபோது மாடிப்படியில் சத்யப்பிரியாவைப் பார்த்தேன். மூச்சு முட்டி, கால் வீங்கி, ஆகஸ்டில் உங்களை அங்கே சேர்த்ததாகச் சொன்னாள். மேலே வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். அம்மா யாரையும் பார்க்க மாட்டாள் என்றாள்.

அன்றைக்கு நீங்கள் பானுவிடம் முடியாது என்று சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மாத்திரையை நானும் விழுங்கியிருப்பேன். நான் இன்றைக்கு இருப்பது உங்களால்தான். இதை நினைத்து நினைத்துப் பானு அழுகிறாள். நான் எழுதிய வார்த்தைகளை மறந்துவிடுங்கள். உங்களைப் பார்க்க நாங்கள் மூன்று பேரும் வர வேண்டும். மகள் உங்களை அத்தை என்று கூப்பிட ஆசைப்படுகிறாள். எப்போது வரலாம் என்று ஒரு வரி போடுங்கள்.

உங்கள் தம்பி,
ஜெயபாண்டி


சுந்தரபாண்டியம்
3 நவம்பர் 2024

ஜெயபாண்டிக்கு,

நான் சொல்லச் சொல்ல சத்யப்பிரியா எழுதுவதாக இருந்தது. சில விஷயங்களை அவளிடம் சொல்ல முடியாது என்பதால் நானே எழுதுகிறேன். நாலு வரி எழுதினால் இளைக்கிறது. விட்டு விட்டு எழுதுகிறேன்.

தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறேன். கட்டிலில் இருந்து பாத்ரூம் போய் வருவது பெரிய காரியம். நோய் திரும்ப வந்தால் ஊசி போடலாமா என்று கேட்டேன். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு யோசிக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். யார் மேலாவது கேஸ் போட வேண்டும் என்று சத்யப்பிரியா கொதிக்கிறாள். யார் மேல் போடுவது? நெஞ்சைப் பாதிக்கலாம் என்று முதல் நாளே வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள். என்னை யாரும் ஏமாற்றவில்லை. அந்த மாத்திரை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என்னை வைத்துத் தெரிந்துகொண்டார்கள்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ எனக்கு நன்றி சொல்லாதே. நான் உன்னைக் காப்பாற்றவில்லை. மாத்திரை நல்லது என்று நம்பித்தான் உனக்கு இல்லை என்றேன். நீ செத்தாலும் பரவாயில்லை, நான் இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அது உனக்கு நல்லதாக முடிந்தது. என்னை வைத்துக் கும்பிடுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தபோது, நீ தேறிவிட்டாய், வேலைக்குப் போகிறாய் என்று சத்யப்பிரியா வந்து சொன்னாள். எனக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள், பாவம். கேட்டதும் என் மனசில் முதலில் என்ன வந்தது தெரியுமா? அன்றைக்கே அவனுக்குப் பாதியைக் கொடுத்திருக்கலாமே என்று வந்தது. கொடுத்திருந்தால் நீயும் என்னை மாதிரிக் கிடப்பாய் என்று தெரிந்தேதான் அப்படி நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு தரம் வந்து போயிருந்தால் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன். இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அதனால் வராதே. பானுவையும் பிள்ளையையும் அனுப்பாதே. அந்தப் பிள்ளை அத்தை என்று கூப்பிடும்போது என் மனசில் எது எழும்பும் என்று எனக்கே பயமாக இருக்கிறது. உன் மேல் கோபம் இல்லை. நீ நன்றாக இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான். கடிதமும் வேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு நீ புதன்கிழமைதான் வருகிறாய் என்று நர்ஸ் பிள்ளை சொன்னாள். எனக்குச் சனிக்கிழமையாக மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சரியென்று சொல்லிவிட்டார்கள்.

சண்முகத்தாய்