மணலில் சிவப்பு நூல்

தை 14, புதன்
மழை விட்டது. வாடைக்காற்று. சைக்கிள் ரியூப் மாற்ற வேண்டும்.

தவமணி இன்றும் மணல்மேட்டுக்கு. தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்ற என் மனைவி, ஓயவில்லை. பருத்தித்துறைக்குக் கிழக்கே ஒரு மஞ்சள் பூ. நாலு இதழ். பொழுதுபட விரியும், வெயில் ஏற வாடும். நீர்க்கராம்பின் குடும்பமாம். "அது சேத்திலை நிக்கிறது. இது காஞ்ச மணலிலையப்பா!" காம்பு என்று நான் காட்டியது காம்பல்ல, சூலகம். அதுதான் காயாகும். மழைக்கு முளைத்து, கோடைக்குமுன் விதைத்துவிட்டுச் சாகும். விதை அடுத்த நல்ல மழை வரை மணலுக்குள் கிடக்கும். அந்த விதைதான் அவளுக்கு வேண்டும்.

தை 15, வியாழன்
சந்தையில் சவரிமுத்து. கரைவலைக்காரன்.

"என்ன அண்ணை, நீங்களெல்லாம் ஒரு ரிப்போட்டரோ? மணலுக்கை மிதிவெடியாம். சிவப்புக் குச்சி நட்டுக் கிடக்கு. நாங்கள் சுத்திப் போறம்."

மீன் வாங்கவில்லை. தவமணி விடியவே போயிருந்தாள். அவளுடைய போன் வீட்டு மேசையில்.

மணல் ஓரத்தில் நின்று கூப்பிட்டேன். அடி வைக்கக் கால் வரவில்லை. எத்தனையோ பேரின் கால் போன செய்தி எழுதியவன். பிறகு போனேன். எப்படி என்று தெரியாது.

பள்ளத்தில் முழங்காலில் இருந்தாள். சுற்றிலும் குச்சிகள், நுனியில் சிவப்புக் கம்பளி நூல்.

"உதுகளோ? நான்தான் நட்டனான். செடி பட்டாப் பிறகு காயைத் தேட வேணுமெல்லே."

"சிவப்பிலையோ?"

"வீட்டிலை உந்த நூல்தான் கிடந்தது."

மிதிவெடிக்குச் சிவப்புக் குச்சி நடுகிற இந்த ஊரில், சிவப்பு! மணலில் உட்கார்ந்து சிரித்தேன்.

மாலையில் என் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினேன்: மிதிவெடி இல்லை, செடிகளுக்கு நட்ட அடையாளம். உடனே இணையத்தில் போட்டார்கள். தவமணிக்குக் கோபம். "இனி ஆக்கள் வந்து மிதிக்கப் போயினம்." செடியைத்தான் சொன்னாள்.

தை 16, வெள்ளி
காற்று. கண் மருந்து முடிந்தது.

மதியம் போன். மிதிவெடி அகற்றுகிறவர்களின் மேற்பார்வையாளர்.

"ஐயா, ரீச்சரை மணலுக்குப் போக விடாதேங்கோ."

"அது வெறும் நூல், தம்பி."

"ஓம், நூலும் நிக்குது. ஆக்கள் சொல்லிக் காலமை போய்ப் பாத்தனாங்கள். பள்ளத்துக்கை உண்மையாவே ஒண்டு கிடக்கு. பழசு. மழை மணலை அரிச்சிருக்கு. ஆரோ முழங்கால் குத்தின தடத்திலையிருந்து ஒரு சாண் வராது. எங்கடை சிவப்புக் குச்சி நட்டிட்டம். சுத்திக் கட்ட எச்சரிக்கைப் பட்டி எடுக்கத் திரும்பி வந்தனாங்கள்."

தவமணி கதவடியில். முகத்தைப் பார்க்கவில்லை நான். மிதிவெடி இல்லை என்ற என் செய்தி. அலுவலகத்துக்கு அடித்தேன், எடுக்கவில்லை. சவரிக்கு அடித்தேன்.

"சொல்லுங்கோ அண்ணை! நீங்கள் எழுதினதைப் பாத்திட்டுத்தான் குறுக்காலை போறம். ரீச்சர் இஞ்சையும் ஒரு குச்சி நட்டிருக்கிறா. பெயின்ற் எல்லாம் அடிச்சு!"

"நில். சவரி, அசையாதை. எல்லாரையும் நிக்கச் சொல்லு."

நிற்கிறார்கள். மேற்பார்வையாளருக்குத் தவமணி தன் போனில் சொல்லிவிட்டாள். வண்டி புறப்பட்டுவிட்டதாம். நான் துண்டிக்கவில்லை. இடது கையில் போன். வலது கைக்கு வேறு வேலை இல்லை, எழுதுகிறேன். காற்றுச் சத்தம். ஒருவன் செபம் சொல்கிறான். சவரி கேட்கிறான்: "அண்ணை, மற்றக் காலைக் கீழை வைக்கலாமோ?"