எல்லாச் சாமானும் நடுவில்

தை 4, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. பெருக்கிய வாசலில் காப்பி குடிப்பதற்குள் மறுபடி சருகு. தை மாதம் முடியும்வரை இப்படித்தான்.

பெயிண்டர் ஷாஜி வந்து பார்த்துவிட்டுப் போனார். புதன்கிழமை ஆட்களோடு வருகிறார். வீட்டின் உள்பக்கம் மட்டும். அதற்குள் நாங்கள் செய்ய வேண்டியது:

ஆணி எல்லாம் பிடுங்க.
காலண்டர், திரைச்சீலை, சாமி படங்கள் இறக்க.
பீரோ, கட்டில், டிவி மேசை நடுவுக்கு. மேலே பழைய துணி, ஃபிளெக்ஸ்.

“சேச்சி, சுவரோரம் ஒரு சாமானும் பாடில்ல. எல்லாம் நடுக்கு வரணும். ஞங்களுக்கு ஏணி வெக்கணும்.” பாதி மலையாளம், பாதி தமிழ். புரிந்தது.

அடுத்த ஞாயிறு மகள் சுகன்யாவுக்காகப் பொள்ளாச்சியிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். நல்ல இடம். பையனும் பெண்ணும் போனில் பேசிப் பிடித்துப்போய்விட்டது. இனிப் பெரியவர்கள் வந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

வீட்டுக்காரர் இவருக்கு மட்டும் இந்த வேலை பிடிக்கவில்லை. “செவுரு நல்லாத்தான இருக்குது. எதுக்கு ஊட்டப் பிரிச்சுப் போடறீங்க?” காலையிலிருந்து இதே பாட்டு. தான் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனைக் கழுவித் துடைக்க மட்டும் அலுப்பதில்லை. ஊர்ப் பிள்ளைகளில் பாதி அந்த வேனில்தான் கொழிஞ்சாம்பாறைக்குப் போய் வருகிறது. அந்த அக்கறையில் கால்வாசி வீட்டுக்கு வந்தால் போதும்.

தை 5, திங்கள்

காற்று குறையவில்லை. ஹால் முடிந்தது. நானும் சுகன்யாவும் இழுத்த இழுப்பில் இடுப்பு போய்விட்டது. பீரோவுக்கு ஃபிளெக்ஸ் போர்த்தினோம். பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றவர் இப்போது எங்கள் ஹாலில் கைகூப்பிச் சிரிக்கிறார். இங்கே போட்டியில்லை.

சாயங்காலம் இவர் வந்தார். வழக்கம்போல வேகமாக நுழைந்து நேராக முக்காலியில் இடித்து விழுந்தார். முழங்காலில் ரத்தம். நல்ல வெளிச்சம் இருந்தது. முக்காலி சிவப்பு.

“நடு ஊட்டுல சந்தக்கடை போட்டு வெச்சிருக்கறீங்களா?” என்று கத்தினார். கத்துகிற ஆள் இல்லை. சுகன்யா முகம் சுண்டிவிட்டது.

மஞ்சள் வைத்துக் கட்டும்போது பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் பழைய காயங்கள், ஆறினதும் ஆறாததும். கேட்டதற்கு வேன் படி இடித்தது என்றார். பிறகு உட்கார்ந்து பேப்பர் படித்தார், பொடி எழுத்துவரைக்கும்.

படுக்கப் போகும் முன்பு, “டிவி மேசைய மட்டும் அதுந்த எடத்துல வெச்சரு, அம்மிணி,” என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மேசைக்கு என்ன இப்படி?

தை 6, செவ்வாய்

படுக்கையறையும் ஆயிற்று. பிடுங்கின ஆணி ஒரு டப்பா நிறைய. நிம்மதியாக எழுத முடியவில்லை.

மத்தியானம் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். ஜன்னல் வழியாக இவர் தெரிந்தார். அறைக்குள் யாரும் இல்லை என்ற நினைப்பு. கையை முன்னால் நீட்டி, ஒரு காலால் தரையைத் துழாவி, பிறகு அடுத்த காலை வைத்து, கட்டிலைச் சுற்றி வந்தார். தண்ணீருக்குள் இறங்குகிறவர் மாதிரி.

சுகன்யா கடைக்குப் போனதும் கேட்டேன்.

“எத்தனை நாளா இப்பிடி?”

“எப்பிடி?”

“நடிக்காதீங்க. ஜன்னல்ல பாத்துட்டேன்.”

கட்டில் விளிம்பைத் தடவி உட்கார்ந்தார். “போன வருசம் கோயமுத்தூருல போய்க் காட்டுனேன். கண்ணுல அழுத்தமாமா. ஓரமெல்லாம் மறஞ்சு போச்சு. நேராப் பாத்தா எல்லாந் தெரியுது, அம்மிணி. பேப்பர் படிக்கறனே.”

“வண்டி ஓட்டலாம்னு டாக்டர் சொன்னாங்களா?”

“ரோடு எனக்கு மனப்பாடம்,” என்றார்.

“ஊடும் மனப்பாடமாத்தானுங்க இருந்துச்சு. முக்காலிய ரெண்டடி நகத்துனதுக்கே முட்டிய ஒடைக்கறீங்க.”

அழுதார். இருபத்தாறு வருடத்தில் இரண்டாவது தடவை பார்க்கிறேன். பொள்ளாச்சிக்காரர்கள் வந்து போகட்டுமாம். இப்போது தெரிந்தால் பரம்பரை வியாதியா, பெண்ணுக்கும் வருமா என்று கேட்பார்களாம். உறுதியானதும் வண்டியை விட்டுவிடுகிறாராம்.

“ஒரு வாரந்தான். பொறுத்துக்க.”

சரி என்றேன். பெண்ணின் கல்யாணம் என்றதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. வெட்கமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். இந்த ஒரு வாரமும் வேனில் நானும் வருவேன்.

தை 7, புதன்

ஷாஜி ஏழரைக்கே வந்துவிட்டார். ஆட்கள் மூன்று பேர். சுரண்டும் சத்தம், தூசி. சுகன்யாவைக் காவல் வைத்துவிட்டு வேனில் ஏறினேன். “ஆயா வந்தாச்சு,” என்று பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம்.

முன்சீட்டில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனேன். இடப்பக்கம் சைக்கிள். மாடு. தேங்காய் லாரி ஓரம் கட்டியிருக்கிறது. அவரும் தலையைத் தலையைத் திருப்பி ஓட்டினார். காலை நடை நல்லபடியாக முடிந்தது. சமாளித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். எனக்கு எவ்வளவு கொழுப்பு.

சாயங்காலம் ஆலமர முக்கில் ருக்மணியின் மகளை இறக்கினோம். யு.கே.ஜி. படிக்கிறாள். எனக்குப் பின்னால் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். விலக்கிவிடத் திரும்பினேன். அவ்வளவுதான். வண்டி நகர்ந்தது. நான் முன்னால் பார்த்தபோது சக்கரத்துக்கு முன்பு ஒரு சின்ன ரிப்பன். உருண்டுபோன தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்திருக்கிறாள்.

நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பிரேக் பிடித்துவிட்டார். பிள்ளைகள் எல்லாம் முன்னால் வந்து மோதின. குழந்தை பாட்டிலை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

ருக்மணி ஓடி வந்து மகளைத்தான் அடித்தாள். “அண்ணன் பாத்து நிறுத்துனாரு. இல்லீன்னா என்னாயிருக்கும்?” என்று இவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இவர் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீடு வந்து சேர்ந்தோம். இறங்கும்போது, “நாளைக்கு இன்னுங் கவனமா இருக்கறேன்,” என்றார். நாளைக்கு.

ராத்திரி சுகன்யாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“ருக்மணியக்காகிட்டச் சொல்லீட்டியாம்மா?”

“இல்ல, கண்ணு.”

“அப்ப அங்கெ போ முதல்ல. பொள்ளாச்சிய அப்பறம் பாக்கலாம்.”

அவள் குரல் உடைந்துதான் இருந்தது. ஆனால் சொன்னாள்.

தை 8, வியாழன்

காற்று நின்றிருக்கிறது. ஹால் சுவர் முழுக்க ஈர வெள்ளை.

விடிந்ததும் ருக்மணி வீட்டுக்குப் போனேன். சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, “நேத்து நான் கும்பிட்டனே, அக்கா,” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. இனி இது ஊர் முழுக்கப் போகும். பெயிண்ட் காய்வதற்குள் பொள்ளாச்சிக்கும் போகும். போகட்டும்.

மற்ற வீடுகளுக்கு சுகன்யா போன் செய்தாள். இன்று வேன் வராது, இனி அப்பா ஓட்டமாட்டார்.

நான் திரும்பி வந்தபோது இவர் சட்டை போட்டு, தலை வாரி, கிளம்பி நின்றார். வாசற்படியருகே சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். வேன் சாவி எப்போதும் அங்கே ஓர் ஆணியில் தொங்கும். உள்ளங்கை முழுக்க வெள்ளை ஒட்டியிருந்தது. சட்டைப்பையில் பார்த்தார். ஃபிளெக்ஸைத் தூக்கிப் பார்த்தார்.

“அம்மிணி, சாவி எங்கெ? பிள்ளைங்க நின்னுட்டு இருக்கும்.”

சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

நான் அவருக்கு இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில், சாவியோடு நின்றிருந்தேன்.