நீர் போகாத நேர்முகப் பரீட்சை

இன்று காலை ஐஸ்கிறீம் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் வனிலா மணம் முகத்தில் அடித்தது. முதலாளி விற்பனை விழுந்த கதையைத் தொடங்கிவிட்டார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிறீம் விற்கிற கூல்பாரில் எனக்கு எதிரே இருந்து, கரண்டியை ஆட்டி ஆட்டிக் கேள்வி கேட்கிற உம்மைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். நீர் காலமாகி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

நாம் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்த காலத்தில் யுத்தத்தால் குடாநாட்டில் கரண்ட் இல்லை. நமக்கிருந்த ஆசையைப் பாரும்: வியாபார ஆலோசகர் ஆவதாம்! படிப்பு முடிகிற நேரம் கொழும்பு நிறுவனம் ஒன்று நம் இருவரையும் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தது. ஆயத்தம் செய்ய நமக்குக் கிடைத்தது அந்தக் கூல்பார்தான். கடைக்காரர் மதியத்தில் கொஞ்ச நேரம் ஜெனரேற்றரை ஓடவிடுவார். செய்த ஐஸ்கிறீமை உருகுமுன் விற்றுத் தீர்க்க வேண்டும். கிண்ணம் ஏன் சிறியது, வெள்ளிக்கிழமை ஏன் கூட்டம் குறைவு என்று நீர் அவரை உலுப்பி எடுப்பீர். நான் தீர்வு சொல்ல வாய் திறந்தால், "பொறும். முதல் கேளும், பிறகு சொல்லும்" என்பீர். கடைசியில் அந்த மனிசன் நம்மைக் கண்டாலே பின்னால் குசினிக்குள் போய்விடுவார்.

தரைப்பாதை மூடியிருந்தது; கொழும்புக்குப் போவதென்றால் கிளாலியில் படகேறிக் கடலேரியைக் கடக்க வேண்டும். ஏறியவர்கள் எல்லோரும் அக்கரை சேரவில்லை. குருநகரில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற உம்முடைய அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "கடலுக்கு நான் பயப்பிடேல்லை, பிள்ளை. கடலிலை காவல் நிக்கிற நேவிக்குத்தான் பயப்பிடுறன்" என்றாராம். நீர் அவரோடு கதைக்காமல் இருந்தும் பார்த்தீர். பலிக்கவில்லை. நான் தனியே போனேன்.

அங்கே என்னிடம் கேட்டது என்ன தெரியுமோ? ஒரு ஐஸ்கிறீம் கொம்பனியின் விற்பனை குறைகிறது, என்ன செய்வீர்? பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று தொடங்கினேன்: ஜெனரேற்றரை எப்போது போடுவது, மண்ணெண்ணெய்ச் செலவை எப்படிக் குறைப்பது, இருட்ட முன் எப்படி விற்று முடிப்பது. எதிரே இருந்த பரீட்சகர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் மெல்லக் கையை உயர்த்தி மேலே காட்டினார். என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். பிறகு என்ன நினைத்தார்களோ, என்னை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது ஊரெல்லாம் வேலை கிடைத்ததோ என்று கேட்டது. நீர் ஒருத்திதான், "என்ன கேட்டவை?" என்றீர். கூல்பாரில் வைத்து முழுக் கூத்தையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தீர். பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தீர்.

"இப்ப என்னட்டைக் கேளும்."

நான் பரீட்சகரானேன். நீர் பதில் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே போனீர். வாங்காமல் விட்டது பிள்ளைகளோ, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்களோ? கடையை மாற்றினார்களோ, வழியை மாற்றினார்களோ? "முந்தி ஐஸ்கிறீம் குடிச்ச நேரத்திலை இப்ப அவை என்ன செய்யினம்?" அந்தக் கேள்வி எனக்கு மட்டுமல்ல, அந்த மூவருக்கும் தோன்றியிராது.

"நான் பாஸோ?" என்றீர்.

"ஓம்" என்றேன்.

சிரித்தீர். ஆனால் கண் நிறைந்துவிட்டது. அடுத்த கிழமை நான் கொழும்புக்குப் போனேன். நீர் உங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தீர்.

இப்போது ஆட்களைத் தெரிவுசெய்கிற மேசையில் நான் இருக்கிறேன். வருகிற பிள்ளைகளிடம் அதே ஐஸ்கிறீம் கேள்வியைத்தான் கேட்கிறேன். கெட்டிக்காரர்கள், உடனே பதில் சொல்கிறார்கள். உம்மைப்போல் திருப்பிக் கேட்டவர் ஒருவரும் இன்னும் வரவில்லை. அன்று நான் 'ஓம்' என்றது ஆறுதலுக்குச் சொன்னதல்ல. நீர் அதை நம்பினீரோ?