நான் கேட்ட அலைப் படம்

என் ஆசை அம்மாவுக்கு,

நேற்றுதான் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தேன். சிங்கப்பூரில் லீவு கிடைக்க இவ்வளவு நாளாகிவிட்டது. உனக்கு மச்சான்தான் கொள்ளி வைத்தாராம். பெற்ற பிள்ளை நான் இருந்தும், முகம்கூடப் பார்க்காமல் உன்னை அனுப்பிவிட்டேன். அக்கா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருக்கலாம்.

அந்தப் பிலிம் ரோலைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும்.

நம் ஊர்த் துறைமுகத்தில் புயலடித்தால் அலை கல்சுவரைத் தாண்டி விழும் என்று சிங்கப்பூரில் என்கூடத் தங்கியிருந்த பையன்களிடம் அளந்துவிட்டிருந்தேன். எவனும் நம்பவில்லை. அந்த வீம்பில்தான் ஊருக்கு வந்த ஆளிடம் கேமரா கொடுத்தனுப்பினேன். கார்த்திகையில் புயல் என்று கேள்விப்பட்டதும் உன்னை டெலிபோன் பூத்துக்கு வரவழைத்து, "ஒரே ஒரு அலை எடுத்து அனுப்பும்மா" என்று பிடிவாதம் பிடித்தேன்.

"கடலம்மா கோவமா இருக்கறப்ப அவளப் படம் புடிக்கிறது தப்புடா" என்றாய். ஆனாலும் போனாய். கரையில் எல்லோரும் சூடம் கொளுத்திக் கும்பிட்டு நிற்க, நீ மட்டும் கேமராவோடு நின்றாயாம். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டாயாம். மீன்கூடையோடு ஊர் ஊராகப் போய் எத்தனையோ பேரிடம் மல்லுக்கு நின்றவள் நீ. யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் போனில், "அந்த டப்பா வழியா பாத்தா அலை ரொம்பக் கிட்ட வருதுடா. பயந்துபோயி கைய நீட்டித் தள்ளிப் புடிச்சிக்கிட்டேன்" என்றாய். "சோத்துக்கைப் பக்கம் பொத்தான்னு சொன்ன, இது பீச்சாங்கைப் பக்கமில்ல இருக்கு?" என்றும் கேட்டாய். எனக்கு வேலைக்குப் போகிற அவசரம். "எந்தக் கையா இருந்தா என்னம்மா, அமுக்குனீல்ல?" என்று சிரித்தேன். நீ இருமினாய். அது என் காதில் விழுந்தது. ஏன் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை?

அன்றைக்கு நனைந்ததில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. "அம்மாவுக்கு அதுக்கு முன்னாடியே மூச்சு வாங்கிச்சுடா. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க" என்கிறாள் அக்கா. அது நிஜமா, என்னைத் தேற்றச் சொல்கிறாளா? உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?

அக்கா கழுவக் கொடுத்திருந்த அந்த ரோலை வாங்க இன்று காலை கடைத்தெரு ஸ்டுடியோவுக்குப் போனேன். கடைக்காரர் சங்கடத்தோடு கவரை நீட்டினார்.

"கேமராவத் திருப்பிப் புடிச்சிருக்காங்க தம்பி. ஒரு அலைகூட விழல. காசெல்லாம் வேணாம், கொண்டுபோங்க."

எல்லாம் மங்கிப்போன கன்னமும் விரலும். ஒன்றில் மட்டும் நீ இருந்தாய், கையை நீட்டிப் பிடித்தாயே, அதில். தலையில் போட்ட முந்தானை விலகி, நரைமுடி நெற்றியில் ஒட்டி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, நேரே என்னைப் பார்க்கிறாய். கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அலையைக் கேட்டேனே அம்மா, ஒரு நாளாவது உன் படத்தைக் கேட்டேனா?

இதற்குச் சட்டம் போட்டுக் கையோடு எடுத்துப்போவேன். நம்பாத அந்தப் பையன்களிடமும் காட்டுவேன். "அலை எங்கடா?" என்று கேட்பார்கள். "எங்க அம்மா பாத்துக்கிட்டிருக்காங்கல்ல, அங்க இருக்கு" என்பேன். இனி யாரிடமும் அந்த அலையைப் பெரிதாக அளக்க மாட்டேன், சத்தியம்.

தாமதமாக உன் முகம் பார்த்த
உன் மகன்,
பாலு