நாற்பத்தெட்டு நாள் வேலையைப் பங்கு போட்ட அண்ணிக்கு

என் பிரியமுள்ள அண்ணி,

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. ஆவடி குவார்ட்டர்ஸை விட்டு நாங்கள் கொரட்டூருக்கு வந்துவிட்டோம். அண்ணன் நன்றாக இருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. உங்கள் மகள் செல்வி ஒன்பதாவது படிக்கிறாள். நான் கணக்கு டீச்சராகிவிட்டேன். இதை உங்களிடம் சொல்லவே கூசுகிறது.

எண்பத்தெட்டாம் வருஷம். நான் காலேஜில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கரையான்சாவடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்த நீங்கள், பத்தாவதில் கணக்கில் மட்டும் ஃபெயில். அதைப் பிரைவேட்டாக மறுபடி எழுத விண்ணப்பம் போட்டிருந்தீர்கள். பாஸானால் பால்வாடி வேலைக்கு மனு போடலாம் என்று ஆசை. சமையலை முடித்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் எதிரே வந்து உட்காருவீர்கள்.

அன்றைக்கு நான் கொடுத்த கணக்கு: ஆறு பேர் எட்டு நாளில் கட்டும் சுவரை நாலு பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள்? நீங்கள் யோசிக்கக்கூட இல்லை.

"எங்க நைனாகூட சித்தாள் வேலைக்குப் போய்க்கீறேன் வசந்தா. ஆறு பேரு எட்டு நாளுன்னா, ஒருத்தனே செஞ்சா நாப்பத்தெட்டு நாள் வேல கீது. அத்த நாலு பேரு பங்கு போட்டுக்கினா பன்னெண்டு நாளு."

மூன்று வரியில் எழுதியும் காட்டினீர்கள். நான் சிவப்பு மையால் குறுக்கே அடித்தேன். தெரியாத நாளை எக்ஸ் என்று வைக்க வேண்டும்; ஆளையும் நாளையும் பெருக்கினால் இரண்டு பக்கமும் சமம்; 4x = 48, அதனால் x = 12. இப்படித்தான் போட வேண்டும் என்றேன்.

"எனக்கும் பன்னெண்டுதானே வந்துச்சு? எக்ஸ் இல்லாம வந்தா தப்பா?"

"விடை சரி அண்ணி. வழி தப்பு."

மறுநாள் எங்கள் லெக்சரரிடம் கேட்டேன். ஒருவருக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்துப் போவதும் முழுக்கச் சரிதான், எக்ஸ் என்பது தெரியாத எண்ணுக்கு நாம் வைக்கிற பேர்தானே என்றார். ரயிலில் வரும்போது உங்களிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வீட்டில் நுழைந்தால், வசந்தா மாதிரி சொல்லித்தர ஆளே கிடையாது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பேரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பரீட்சை வரைக்கும் சொல்லவே இல்லை.

பரீட்சையில் அதே மாதிரி ஒன்று வந்தது. பன்னிரண்டு பேர் பத்து நாளில் வெட்டும் கால்வாயை எட்டு பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? என் எக்ஸைப் போட்டுப் பார்த்து, 12/10 = 8/x என்று மாற்றி எழுதிவிட்டீர்கள்.

"ஆறே சொச்சம் வந்துச்சு வசந்தா. ஆளு கொறஞ்சா நாளு எப்டி கொறையும்? பதினஞ்சுன்னு மனசுல தெரிஞ்சுது. வழிதான் முக்கியம்னு நீ சொன்னியே, அதான் அப்டியே வுட்டுட்டேன்."

மூன்று மார்க்கில் போயிற்று. அப்போதாவது வாயைத் திறந்தேனா? அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த தடவை நீங்கள் எழுதவே இல்லை. எனக்குக் கணக்கு வராது என்று எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும், செல்விக்கு நீயே கணக்கு சொல்லிக்கொடு, என்னை மாதிரி ஆகிவிடப் போகிறாள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த நேரத்தில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேனா? இல்லை, என்னைப் பார்க்கும் உங்கள் பார்வை மாறிவிடும் என்று பயந்தேனா?

போன வாரம் செல்வி நோட்டை மூடி வைத்துவிட்டு, அம்மா மாதிரியே எனக்கும் கணக்கு வராது அத்தை என்றாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்துச் சொல்லப்போகிறேன். அவள் அம்மாவுக்குக் கணக்கு நன்றாகவே வந்தது என்று. சரியாகப் போட்டதை அடித்தது நான் என்று. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்தான் என்று. அதற்கப்புறம் அவள் என்னோடு பேசாமல் போனாலும் சரி, ஒன்றையும் மறைக்க மாட்டேன் அண்ணி.

உங்கள் நாத்தனார்,
வசந்தா