மாவ்பியில் முப்பது வருஷம் முன்னாலேயே செத்துப்போன என் மாமனாருக்கு

என் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய மாமா,

ஜெயித்துவிட்டோம். நீங்கள் அவசரக்காரர் என்பதால் இதை முதலில் சொல்லிவிட்டேன். உங்கள் பேத்தி தெரேசாவுக்குப் போன திங்கட்கிழமை கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பெயர் டானியல் டெவ்லின். ஆமாம், உங்கள் குடும்பப் பெயரேதான். அது தற்செயலா, ரத்தமா என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு வருஷம் நாயாய் அலைந்தேன். அது தெரியாமல் கலியாணம் இல்லை என்று ஒரு பக்கம் உங்கள் மகள், இன்னொரு பக்கம் பங்குச் சாமியார்.

இந்தக் கடிதம் நம் வாரப் பத்திரிகையில் வருகிறது. பத்திரிகை போகாத இடமே இல்லை என்று ஆசிரியர் சத்தியம் செய்கிறார். ரங்கூனில் நம் லத்தாப் பேட்டையில் அது வறுத்த கடலை மடிக்கப் போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதற்கு மேலேயும் போனால் சந்தோஷம்.

வாசகர்கள் ஒட்டுக்கேட்கிறார்கள், ஆகையால் அவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஜேம்ஸ் டெவ்லின் என்கிற இந்த மனிதர் ஐரிஷ் பட்டாளக்காரராகப் பர்மாவுக்கு வந்தார். பட்டாளத்தை விட்டு ரயிலில் சேர்ந்து, புரோம் லயனில் எஞ்சின் ஓட்டி, ஒரு தமிழ்ப் பெண்ணைக் கைப்பிடித்து, எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டக் கற்றுக்கொண்டார். நானோ கியாக்டடாவில் கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவன். பெண் கேட்டு வந்த அன்று என்னைப் பார்த்து என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "இந்தப் பேனாவ வச்சுக்கிட்டு எம்பொண்ணுக்கு என்னய்யா, கடுதாசியா வடிச்சுப் போடுவே?" இருபத்திரண்டு வருஷமாகக் கடுதாசியைத்தான் வடித்துப் போடுகிறேன், மாமா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டானியல் ஒரு மர ஆபீசில் குமாஸ்தா. கோவிலில் பாட்டுப் பாடுகிற கூட்டத்தில் தெரேசாவுக்குப் பின்னால் நின்று, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடினானாம். அப்பா வீடு உங்கள் புரோம் லயனில் இருக்கிற மாவ்பி, அம்மா பர்மாக்காரி. பையன் தங்கம். ஆனால் பெயரைக் கேட்டதும் உங்கள் மகள் நோரா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"அப்பா பேரு அவனுக்கும் இருக்கு. அப்ப பங்காளி வீடு. தெரேசாவுக்கு அண்ணன் முறை. வெளிய சொல்லிடாதீங்க, அசிங்கம்."

"நோரா, உங்க அப்பாவும் அவன் தாத்தாவும் கூடப் பொறந்தவங்கன்னே வச்சுக்க. அப்ப அவன் அப்பா உனக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

"அண்ணன் மகன் உம் மகளுக்கு?"

கரண்டி அப்படியே நின்றது. "மாமன் மகன்," என்றாள் மெதுவாக. உடனே குரல் ஏறிவிட்டது. "அட, முறை மாப்பிள்ளையில்ல! அப்ப போய் ருசுப் பண்ணுங்க. நெசமாவே அண்ணனா இருந்தா கட்டி வைப்போம். வெறும் பேர்ப் பொருத்தம்னா, அப்பன் பாட்டன் தெரியாத வீட்டுக்கு எம்பொண்ணு எதுக்கு?"

பாருங்கள் மாமா, அயர்லாந்தில் பிறந்த இரண்டு கிழவர்களுக்கு ரங்கூனில் ஒரு தமிழச்சி முறை வைத்துவிட்டாள். அதை நிரூபிக்க வேண்டியவன் நான்.

உங்களிடமே கேட்டிருக்கலாம். ஒரு தரம் கேட்டேனே! "மாவ்பியில டெவ்லின்னு ஒருத்தர் பால் பண்ணை வச்சிருக்காராம் மாமா, உங்காளா?" என்றேன். "இருக்கட்டும்யா. மாவ்பியில மழையும் இருக்கு, கொசுவும் இருக்கு, எல்லாமா என் ஆளு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். வாரத்துக்கு நாலு நாள் அந்த ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த மனிதர், ஒரு நாள் இறங்கி விசாரித்தால் என்ன?

நான் இறங்கினேன். டானியலின் அப்பா ஜான், பர்மாக்காரர் மரியாதையில் ஊ ஜான், உங்கள் மூக்கை முகத்தில் வைத்துக்கொண்டு, பர்மாக் கைலியும் வாயில் சுருட்டுமாக மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மூக்கைக் கண்டதும் என் பேனாவைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். மறுபடியும் பெண் கேட்க வந்தது போல இருந்தது.

"வா, கோ சவரி, உக்காரு," என்றார், என் பெயருக்கு முன்னால் ஒரு பர்மா மரியாதை வைத்து, வயல் ஆட்களிடம் கற்ற தமிழில். "அப்பா பத்தி கேக்கறியா? அப்பா போயாச்சு. இருந்தப்பவும் பேசமாட்டார். மாட்டுகிட்டதான் பேசுவார். அதுவும் அவங்க ஊர் பாஷை. எங்க மாட்டுக்கு ஐரிஷ் தெரியும், எனக்குத் தெரியாது."

பிறகு உள்ளே போய் அவருடைய அப்பா கார்னீலியஸ் வைத்திருந்த செபப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். கடைசித் தாளில் பெயர்கள். கார்னீலியஸ் தன் மூத்த மகனுக்கு வைத்த பெயர் திமொத்தி. மகளுக்கு வைத்தது ஹனோரா. மாமா, இதைக் கேளுங்கள். ஆறு வயதில் காய்ச்சலில் போன உங்கள் மூத்தவன் திமொத்தி. அவனுக்கு உங்கள் அப்பா பெயரை வைத்தீர்கள். ஞானஸ்நானப் பத்திரத்தில் என் நோராவும் ஹனோராதான், அது உங்கள் அம்மா பெயர். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி பெயரை வைக்கிற வழக்கம் எங்களுக்கு மட்டும் சொந்தம் என்றல்லவா இத்தனை நாள் இருந்தேன்? அண்ணன் தம்பிகள் வீட்டில் ஒரே பெயர் இரண்டு தொட்டிலில் கிடக்கும். இதற்கு மேல் ஒரு மனு எழுதுகிறவனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

அதே தாளின் அடியில் இறந்தவர்களின் வரிசை. அதில் "தம்பி ஜேம்ஸ்" என்று எழுதி, பக்கத்தில் சிலுவை.

"யாரு இது?" என்றேன்.

"அப்பாவோட தம்பி. மேல் பர்மாவுல காலரா. பட்டாளத்துல சொன்னாங்களாம். வருஷம் வருஷம் அப்பா அவருக்குப் பூசை வைப்பார்."

நீங்கள் நாலாவது தட்டு மீன்சாற்று மோஹிங்காவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம், மாவ்பியில் உங்கள் ஆத்துமத்துக்காக முழங்காலில் நின்றிருக்கிறார்கள். நீங்கள் நிஜமாகச் சாவதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே அங்கே உங்களைச் சாகடித்துவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன். மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை நோரா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். நேரே சாமியாரிடம் ஓடினேன். "சாமி! ருசுவாகிவிட்டது! சொந்த மாமன் மகன்!" என்று கூவினேன்.

கோவிலில் கலியாணத்தை அறிவிக்கிற முதல் ஓலையை வாசிக்கக் கல்யாணப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தவர் அதை மெல்ல மூடினார். சாமியார் புதுச்சேரித் தமிழர், மாமன் மகன் முறை தெரியாதவர் இல்லை. "சவரிமுத்து," என்றார், "சொந்தம் இல்லன்னு சொல்லத்தானே உம்மப் போயி விசாரிக்கச் சொன்னேன்? நீர் சொந்தத்தக் கண்டுபிடிச்சுட்டு வந்து கொண்டாடுறீரே. ரெண்டு தாத்தாவும் கூடப் பொறந்தவங்கன்னா திருச்சபையில தடை இருக்குதய்யா. பிஷப்பு, நம்ம மேற்றிராணியார், விலக்குக் குடுக்கணும்."

"குடுப்பாரா?"

"சொந்தம் எத்தனாவது தலைமுறைன்னு தெரிஞ்சா குடுப்பாரு. அதுக்கு அவங்க ஊர்ப் பங்குலேர்ந்து காயிதம் வேணும். மாட்டுப் பண்ணைச் சாட்சி செல்லாது."

மூக்கைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். வெளியே அனுப்பிவிட்டார்.

வீட்டில் தெரேசா சாப்பிடவில்லை. "வாயால பொழைக்கிறவரு வாயாலயே கெடுத்துட்டாரு," என்று நோரா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். இரண்டு நாள் கச்சேரி வாசலிலேயே சாப்பிட்டேன். மூன்றாம் நாள் உங்கள் பட்டாள விடுதலைப் பத்திரத்தைத் தேடி எடுத்து, அதில் இருந்த பங்கின் பெயருக்கு என் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த மனுவை எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மனு ஆங்கிலம் ஒன்றுதான். ஆகையால் முதல் பக்கம் முழுவதும் அந்த ஐரிஷ் சாமியாரின் பாதங்களில் விழுந்துகொண்டே இருந்தேன். இரண்டாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கு எழுந்தேன்.

காத்திருந்த மாதங்களைப் பற்றி என்ன சொல்ல? சொந்தம் ருசுவாக வேண்டும் என்று நோரா அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். சொந்தமே இருக்கக்கூடாது, விலக்கே தேவைப்படக்கூடாது என்று டானியல் அதே அந்தோணியாருக்குப் பக்கத்தில் இன்னொன்று ஏற்றினான். அவர் யார் பக்கம் சாய்வார்?

பதில் வந்தது, மாமா. உறையைப் பார்த்திருந்தால் தொப்பியைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். உங்கள் நாட்டுக்குத் தனி அரசாங்கம் வந்துவிட்டது, தபால்தலையில் ராஜா தலை இல்லை. உங்கள் தீவின் படம் இருந்தது! தபால்காரனே சந்தேகப்பட்டு இரண்டு தரம் திருப்பிப் பார்த்தான்.

"தங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். என் பாதங்கள் இதுவரை இவ்வளவு மரியாதையைக் கண்டதில்லை," என்று ஆரம்பித்திருந்தார் அந்த நல்ல மனிதர். கீழே ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து எழுதி, முத்திரை வைத்த நகல். தகப்பன் திமொத்தி, தாய் ஹனோரா. மக்கள் கார்னீலியஸ், ஜேம்ஸ். வேறு பிள்ளை இல்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் அன்று வீதியில் நடனம் ஆடியிருப்பேன். இன்னும் ஒரு பத்தி இருந்தது. பக்கத்து நிலத்துக்காரக் கிழவி ஒருத்தி இன்னும் உயிரோடு இருக்கிறாளாம், அவள் சொன்னாளாம். நீங்கள் வளர்த்த குதிரைக்குட்டியை அண்ணன் உங்களைக் கேட்காமல் விற்றதால்தான் வீட்டை விட்டுப் போனீர்களாம். ஒரு வரி எழுதவில்லையாம். அடுத்த வருஷமே கார்னீலியஸும் பட்டாளத்தில் சேர்ந்தாராம். ஊர்க்காரர்கள் ஏன் என்று கேட்டதற்கு, "ஜிம்மைக் கூட்டிவரப் போகிறேன்," என்றாராம். ஜிம் என்றால் அவர்கள் வீட்டில் ஜேம்ஸ், நீங்கள்தான்.

உங்களைத் தேடித்தான் வந்திருக்கிறார், மாமா. யாரோ தப்பாகச் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, உங்களுக்குப் பூசை வைத்துவிட்டு மாவ்பியில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் ஏன் விசாரிக்கவில்லை? அண்ணனாக இருந்துவிடுமோ என்றா, இல்லாமல் போய்விடுமோ என்றா? நோரா இந்த இடத்தை வாசிக்கச் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க, அந்தச் சாமியார்கிட்டக் காட்டிட்டு வாங்க. இந்தத் தரம் கூவாதீங்க," என்றாள்.

கூவவில்லை. காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றேன். மேற்றிராணியாரின் விலக்கு பதினெட்டாம் நாள் வந்தது. அன்றைக்குக் கூவினேன். சாமியாரும் கூடக் கூவினார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் ஊ ஜான் எங்கள் வாசலில் வந்து நின்றார். நோராவுக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால், தெரேசா பெரியவளானபோதுகூடத் தாய்மாமன் மணையில் யாரும் இல்லை. ஒரு செம்பை வைத்துச் சடங்கு முடித்தோம். இப்போது மாப்பிள்ளையின் தகப்பனே பெண்ணுக்குத் தாய்மாமன்! தலையில் பர்மாப் பட்டுத் தலைப்பாகை, கையில் மாமன் சீர்த் தட்டு, அதில் பட்டும் பூவும் தேங்காயும், நடுவில் ஒரு பெரிய மண்பானைத் தயிர்.

"நான் எந்தப் பக்கம் நிக்கணும், தங்கச்சி?" என்று கேட்டார்.

ஐம்பது வயதை நெருங்குகிற உங்கள் மகள், ஜன்மத்தில் முதல் தடவையாக ஒருவரை, "அண்ணே, மொதல்ல இந்தப் பக்கம் வாங்க," என்று கூப்பிட்டாள். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தெருவே கேட்டது.

மாமா, ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற ஆத்துமாக்கள் திருநாளில் உங்கள் கல்லறைக்கு நாங்கள் தனியாக வரமாட்டோம். உங்கள் அண்ணன் வீட்டார் பதினோரு பேரையும் கூட்டிவருவேன். அவர்கள் பர்மிய மொழியில் அழுவார்கள், நோரா தமிழில் அழுவாள், நான் மனு ஆங்கிலத்தில் ஒரு செபம் சொல்வேன். மூக்கைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அண்ணன் அங்கேதான் எங்கேயாவது இருப்பார். இந்தத் தரம் நீங்களே போய் விசாரியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் கணவனும், போன திங்கட்கிழமையிலிருந்து உங்கள் அண்ணன் பேரனுக்கு மாமனாருமாகிய,
சவரிமுத்து