கழிப்பறைத் தாழ்ப்பாளும் நூடுல்ஸ் பாக்கெட்டும்

தங்கச்சிக்கு,

அண்ணனோடு பேச்சு கிடையாது என்று நீ சொல்லி மூன்று நாளாகிறது. அதனால் இதை யாரோ ஒருவனைப் பற்றிப் படிப்பதாக நினைத்துக்கொள்.

அவன் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குக் கிளம்பிவிட்டான். பத்து மணிக்குக் கழிப்பறைத் தாழ்ப்பாளை மாற்றத் தச்சர் வருவார். அதைத் தேய்த்துத் தீர்த்தவன் யார் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டிமேல் வை. வேகவைத்த பருப்பும் கேரட்டும் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன.

உன் நூடுல்ஸ் பாக்கெட்டுகளை ஒளித்தவன் அண்ணன்தான். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கின்றன, எடுத்துக்கொள். "உன் வியாதியை என் தலையில கட்டாதே" என்று கத்தினாய். நியாயம்தான். கிரோன் என்கிற இந்தக் குடல் அழற்சி அவனுக்கு எதனால் வந்தது என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாக்கெட் தீனி அதிகமானால் வாய்ப்புக் கூடலாம் என்றார். கூடப் பிறந்தவர்களுக்கும் கொஞ்சம் கூடுதல் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு அண்ணன் மூன்று வாரமாக உன் உயிரை எடுத்தான்.

பி.கு.: சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே டாக்டர் கேட்டது, "சிகரெட் உண்டா?" என்றுதான். அதை வீட்டில் யாரிடமும் அண்ணன் சொல்லவில்லை.

இடமில்லாததால் ஓரத்தில்: பால்கனிக் கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மண்ணில் ஐந்து சிகரெட் துண்டுகள் தட்டுப்பட்டன. அதைக் கேட்க வாய் வராமல்தான் நூடுல்ஸ் நூடுல்ஸ் என்று கத்தினான். அம்மாவிடம் போனில் சொல்லவில்லை. அதே தொட்டியில்தான் ஒன்பது வருஷம் நானும் புதைத்தேன்.